உண்ணாமுலை ஊரில் சீம்பால்

திருவண்ணாமலை அம்மனுக்குப் பெயர் உண்ணாமுலை. வடமொழியில் அபீதகுசாம்பாள். பிள்ளை வாய் வைத்துக் குடிக்காத முலை என்று ஊரில் பொருள் சொல்வார்கள். சீர்காழிக் குளக்கரையில் உமையின் பாலைக் குடித்ததாகச் சொல்லப்படும் சம்பந்தர், இந்த மலையைப் பாடிய பதிகம் ஒன்றை அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். அம்மனின் பாலைக் குடித்த பிள்ளை, குடிக்கப்படாத முலைக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது. இந்த முரணை ஒரு கவிஞர் எடுத்துக்கொள்ளட்டும். என்னிடம் இருக்கும் கேள்வி அதைவிடச் சாதாரணமானது. தாயின் முதல் பாலைக் குடிக்காத பிள்ளைக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் எலிகள் வருகின்றன, கன்றுகள் வருகின்றன, குன்றிமணி வருகிறது, சளி பிடித்த ஒரு மருத்துவர் வருகிறார், கழுதைகூட வருகிறது. கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

*

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் தெருக்களில் இப்போது தங்கும் விடுதிகளும் காபிக் கடைகளும் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் சந்துகளில் இன்னும் மாடு கட்டுகிறார்கள். நான் குடியிருக்கும் சந்தில் ஒரு அக்கா மூன்று மாடு வைத்திருக்கிறார். ஒரு நாள் விடியற்காலையில் அவர் வீட்டு மாடு கன்று போட்டது. பத்து மணிக்கு நான் போனபோது கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. தாயைத் தனியாகக் கட்டியிருந்தார்.

"கன்னுக்குப் பால் ஊட்ட விட்டாச்சாக்கா?"

"இன்னும் கொடி விழலயே தம்பி. கொடி விழாம மடியில வாய் வெக்க வுடக்கூடாது. அப்புறம் கொடி உள்ளயே தங்கிப்பூடும்."

கொடி என்றால் நஞ்சுக்கொடி. அது விழுந்தபின் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். ஆலமரம் பால் வடியும் மரம், மாடும் அதுபோலப் பால் சுரக்கும் என்பது கணக்கு. சாலையோர ஆலமரங்களில் இப்படி மூட்டை மூட்டையாகத் தொங்குவதை நீங்களும் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்திருக்கலாம். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. கொடி விழும்வரை கன்றைக் காத்திருக்க வைப்பதில்தான் நஷ்டம் இருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தலைகீழாக நின்று சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம் இது: கொடிக்காகக் காத்திருக்காதே, கன்று பிறந்த உடனே சீம்பாலை ஊட்டு. கன்று முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் ஊறும் சுரப்பு கருப்பையைச் சுருங்க வைக்கும், கொடியும் சீக்கிரம் விழும்.

காத்திருந்தால் என்ன? பசியோடு நாலு மணி நேரம் கிடந்தால் கன்று செத்தா போய்விடும்? பசியால் சாகாது. ஆனால் பசியைத் தவிர இன்னொன்று அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

*

கருப்பைக்குள் இருக்கும் உயிர் ஏறக்குறையக் கிருமிகளே இல்லாத உலகத்தில் வளர்கிறது. வெளியே வந்த நிமிடத்திலிருந்து வைக்கோல், சாணி, மண், ஈ, தாயின் நாக்கு, மனிதர்களின் கை என்று எல்லாவற்றிலிருந்தும் கிருமிகள் ஏறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நம்மைப் போன்ற வளர்ந்த உடல்களை ஒன்றும் செய்யாதவை. பிறந்த உயிரிடம் அவற்றைத் தடுக்க அனுபவப்பட்ட படை இல்லை. குடல் வழியாகவோ தொப்புள் வழியாகவோ ரத்தத்துக்குள் நுழைந்து பெருகினால், அந்தக் கிருமிகளும் அவற்றோடு போராடும் உடலின் கட்டுப்பாடற்ற எதிர்வினையும் சேர்ந்து ஒவ்வொரு உறுப்பாக அணைத்துவிடும். செப்சிஸ் என்பது இதுதான். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அழுகுதல் என்று பொருள்.

செப்சிஸுக்குக் காரணமாகும் கிருமிகளில் பிரபலமான ஒன்று ஈ-கோலை. அந்த 'ஈ' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு குழந்தை மருத்துவர் நிற்கிறார். தியோடோர் எஷெரிக் என்ற அவர், பிறந்த குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்து 1885-ல் இந்தக் கிருமியை விவரித்தார். குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே குடலில் குடியேறும் கிருமிகளில் ஒன்று அது. குடலில் இருக்கும்வரை அது குடித்தனக்காரன். ரத்தத்துக்கு வந்துவிட்டால் கொலைகாரன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எது காக்கிறது என்பதுதான் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு எழுந்த கேள்வி.

*

முதல் துப்பு குன்றிமணியிலிருந்து கிடைத்தது. பொற்கொல்லர் தராசில் பொன் நிறுக்கவும், பிள்ளையாருக்குக் கண் வைக்கவும் நாம் பயன்படுத்திய அதே சிவப்பு-கறுப்பு விதை. அதன் உள்ளே அப்ரின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் இந்த விதையை அரைத்து ஊசிபோல் உருட்டி, மாட்டின் தோலுக்கடியில் குத்திக் கொல்லும் குற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. மாட்டைக் கொல்லப் பயன்பட்ட விதை, கன்று எப்படிப் பிழைக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க உதவியது சரித்திரத்தின் விளையாட்டு.

ஜெர்மனியில் பால் எர்லிக், குன்றிமணியின் அப்ரினையும் ஆமணக்கு விதையின் ரிசினையும் எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். எலிகள் பழகிக்கொண்டன. சாதாரண எலியைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு கொடுத்தாலும் பிழைத்தன. இந்த எதிர்ப்பு குட்டிகளுக்குப் போகுமா? 1892-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது. நஞ்சுக்குப் பழகிய ஆண் எலிக்குப் பிறந்த குட்டிகளுக்கு எதிர்ப்பு எதுவும் இல்லை. நஞ்சுக்குப் பழகிய பெண் எலியின் குட்டிகளுக்கு இருந்தது, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். அப்படியானால் அது பரம்பரைச் சொத்து இல்லை, தாய் கையில் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு.

அடுத்து எர்லிக் செய்ததுதான் அழகு. குட்டிகளை மாற்றிப்போட்டார். சாதாரணத் தாய்க்குப் பிறந்த குட்டியை, நஞ்சுக்குப் பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். யசோதை வீட்டுக்குக் கண்ணன் போன கதை மாதிரி. வளர்ப்புத் தாயின் பாலைக் குடித்த குட்டிக்கும் எதிர்ப்பு வந்தது. பால் என்பது உணவு மட்டும்தான் என்ற நினைப்பு அங்கே உடைந்தது. 1908-ல் எர்லிக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது, நோயெதிர்ப்பு பற்றிய மொத்த வேலைக்காக. அதில் இந்த எலிக்குட்டிகளுக்கும் பங்கு உண்டு.

*

இப்போது 1922-க்கு வருவோம். அந்த மே மாதம் திருவண்ணாமலையில் ரமணரின் தாய் அழகம்மாள் காலமானார். மலையடிவாரத்தில் பாலிதீர்த்தத்துக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள். மலைமேல் கந்தாசிரமத்தில் இருந்த ரமணர் சில மாதங்களில் அந்தச் சமாதிக்கு இறங்கி வந்து அங்கேயே தங்கிவிட்டார். ஒரு தாயின் சமாதியைச் சுற்றி ஓலைக் கொட்டகையாக ஆரம்பித்ததுதான் இன்று நாம் பார்க்கும் ஆசிரமம். அந்தச் சமாதிமேல் எழுந்த கோயிலுக்குப் பெயரே மாத்ருபூதேஸ்வரர்.

அதே 1922-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்தில், ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் விலங்கு நோயியல் துறையில், தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறந்த கன்றுக்குச் சீம்பாலின் முக்கியத்துவம் பற்றியது. ஸ்மித் அதற்கு முன்பே பெரிய பெயர். மாடுகளைக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சலை உண்ணிகள்தான் பரப்புகின்றன என்று 1893-ல் நிரூபித்தவர். நோயைப் பூச்சிகள் சுமக்கும் என்பதற்குக் கிடைத்த ஆரம்பகாலச் சான்றுகளில் அது முக்கியமானது. லிட்டில் கால்நடை மருத்துவர்.

சோதனை எளிமையானது, கொடூரமானது. சில கன்றுகளுக்கு வழக்கம்போலச் சீம்பால். வேறு சிலவற்றுக்குச் சீம்பாலே இல்லை, சாதாரணப் பால் மட்டும். மற்றபடி ஒரே கொட்டகை, ஒரே கவனிப்பு. சீம்பால் குடித்தவை பிழைத்தன. குடிக்காதவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்தன. அறுத்துப் பார்த்தபோது ஈரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் கிருமிகள் கிடந்தன, முக்கியமாக எஷெரிக்கின் அந்தக் குடித்தனக்காரன். வெளியிலிருந்து யாரும் ஊசியால் ஏற்றவில்லை. கொட்டகையில் எப்போதும் இருக்கும் கிருமிதான். சீம்பால் இருந்தால் குடலில் நின்றது, இல்லாவிட்டால் ரத்தத்துக்குப் போனது.

பிறந்த விலங்கில் செப்சிஸை ஆராய்ந்த பழைய சோதனைகளில் இத்தனை தெளிவாகப் பேசியது வேறு உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை. அதே துறையில் லிட்டிலும் மரியன் ஆர்கட் என்ற பெண் ஆய்வாளரும் அதே ஆண்டு இன்னொன்றைக் காட்டினார்கள். குறிப்பிட்ட ஒரு நோய்க்கிருமிக்கு எதிரான பொருட்கள் தாய்ப்பசுவின் ரத்தத்தில் இருக்கின்றன, பிறந்த கன்றின் ரத்தத்தில் இல்லை, சீம்பால் குடித்த சில மணி நேரத்தில் கன்றின் ரத்தத்திலும் வந்துவிடுகின்றன. கண்முன்னால் கைமாறுகிறது காவல்.

மாட்டின் நஞ்சுக்கொடி தடிமனான பல அடுக்குச் சுவர். தாயின் எதிர்ப்பொருட்கள் அதைத் தாண்டி வயிற்றுக் கன்றுக்குப் போக முடியாது. அதனால் கன்று ஏறக்குறைய நிராயுதபாணியாகப் பிறக்கிறது. எல்லா ஆயுதமும் சீம்பாலில் காத்திருக்கிறது. அந்த ஆயுதங்களை முழுசாக உறிஞ்சிக்கொள்ளும்படி கன்றின் குடல் பிறந்தவுடன் திறந்திருக்கும். மணிக்கு மணி மூடிக்கொண்டே வரும். சுமார் 24 மணி நேரத்தில் கதவு சாத்திவிடும். முதல் ஆறு மணி நேரத்தில் குடித்தால்தான் முழுப் பலன். திறந்த கதவு வழியே கிருமியும் வரலாம் என்பதுதான் சிக்கல். எது முதலில் வருகிறது என்பது ஒரு ஓட்டப்பந்தயம். எங்கள் சந்து அக்கா கொடி விழக் காத்திருந்த நாலு மணி நேரத்தின் விலை இதுதான்.

*

அந்த 1922-க்கு இன்னொரு வரவும் உண்டு. லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்குச் சளி பிடித்திருந்தது. தன் மூக்குச் சளியையே கிருமி வளர்த்த தட்டில் வைத்துப் பார்த்தார். சளியைச் சுற்றி இருந்த கிருமிகள் கரைந்து காணாமல் போயின. பிறகு கண்ணீரில் பார்த்தார். சக ஊழியர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டு அழவைத்துக் கண்ணீர் சேகரித்தார் என்பது மருத்துவ உலகின் பிடித்தமான கதைகளில் ஒன்று. எச்சிலில் இருந்தது. முட்டை வெள்ளைக்கருவில் ஏராளமாக இருந்தது. அந்தப் பொருளுக்கு லைசோசைம் என்று பெயர். பெனிசிலினைப் பார்ப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு அவர் வெளியிட்டது இது.

லைசோசைம் ஒரு நொதி. எதிர்ப்பொருள் பூட்டைத் தேடும் சாவி மாதிரி, குறிப்பிட்ட எதிரியைத்தான் பிடிக்கும். நொதி அப்படியில்லை. பாக்டீரியாவின் வெளிச்சுவர் ஒரு கயிற்று வலை. இரண்டு வகை முடிச்சுகள் மாறி மாறி வரும். லைசோசைம் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பிணைப்பை வெட்டும் கத்தரி. வெட்டுப்பட்ட சுவர் தாங்காமல் கிருமி வெடிக்கும். ஈ-கோலை போன்ற சில கிருமிகளுக்கு அந்த வலைமேல் இன்னொரு உறை உண்டு, கத்தரி எட்டாது. அந்த உறையைக் கலைக்கத் தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் என்ற புரதம் இருக்கிறது. ஒன்று கதவைப் பெயர்க்க, இன்னொன்று உள்ளே புகுந்து வெட்டுகிறது.

இங்கேதான் எனக்குச் சுவாரசியமான கணக்கு வந்தது. மனிதத் தாய்ப்பாலில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் லைசோசைம் இருக்கிறது. சாதாரணப் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கழுதைப்பாலில் ஒரு கிராம் அளவுக்கு இருக்கிறது.

ஆமாம், கழுதைப்பால். தமிழ்நாட்டு ஊர்களில் தாய்க்கழுதையையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு "கழுதப்பாலு, கழுதப்பாலு" என்று கூவிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாசலிலேயே கறந்து, ஒரு சங்கு, சூடு ஆறுவதற்குள் பச்சைக் குழந்தையின் வாயில். குரல் வளம் வரும், சளி பிடிக்காது, சீர் வராது என்பார்கள். இந்த லைசோசைம் கணக்கைப் பார்த்தவுடன் சிலர் துள்ளிக் குதிப்பார்கள். 'பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் அப்போதே!' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி தயாராகிவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த நொதி நிஜம். ஆனால் கழுதை அதை வைத்தது தன் குட்டிக்கு. கழுவாத மடியிலிருந்து, கழுவாத கையால் கறந்து, காய்ச்சாமல் கொடுக்கும் ஒரு சங்குப் பாலில் நொதியோடு சேர்த்து எத்தனை கிருமிகள் போகின்றன? பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு அதுதான் ஆபத்து. பக்கத்திலேயே அந்தக் குழந்தையின் தாயிடம் அதே நொதி, அந்த வீட்டுக் கிருமிகளுக்கென்றே தயாரான எதிர்ப்பொருட்களோடு சேர்ந்து, காசில்லாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. அதைப் 'பழைய பால்' என்று பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுக் கழுதைக்காரரைக் கூப்பிடுகிற வீடுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

*

சீம்பாலைக் கொட்டுவதை நம் ஊர் மூடநம்பிக்கை என்று மட்டும் சொல்லிக் கைகழுவவும் முடியாது. சுஸ்ருத சம்ஹிதை தாய்க்குப் பால் ஊற மூன்று நாலு நாள் ஆகும் என்கிறது, அதுவரைக்கும் குழந்தைக்குத் தேனும் நெய்யும் சொல்கிறது. நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் விரலால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கும் சேனைக்கு இப்படியும் ஒரு பின்னணி உண்டு. ரோமானிய உலகின் புகழ்பெற்ற மருத்துவர் சொரானஸும் தாயின் முதல் பாலை நம்பவில்லை. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இதே கதைதான். 1748-ல் வில்லியம் காடோகன் என்ற ஆங்கில மருத்துவர் குழந்தை வளர்ப்பு பற்றிய கட்டுரையில், பிறந்த குழந்தைக்கு வெண்ணெயும் சர்க்கரையும் திணிப்பதைக் கிண்டலடித்து, தாயின் முதல் பாலையே கொடுங்கள் என்று எழுதினார். ஆக, கெட்டியாக மஞ்சளாக வரும் அந்தப் பாலைப் பார்த்துப் பயந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். பார்க்கப் பால் மாதிரி இல்லையே, அதனால் கெட்டுப்போன பால் என்று நினைத்தார்கள்.

தேன் விஷயத்திலும் ஒரு வார்த்தை. தேனில் பாட்யுலிசம் என்ற பக்கவாத நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களை ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அது முளைக்கும். அதனால்தான் மருத்துவர்கள் ஒரு வயதுவரை தேனே வேண்டாம் என்கிறார்கள்.

நம்மிடம் இருக்கும் பெரிய முரண் வேறு. பசுவின் சீம்பாலை நாம் கொண்டாடுகிறோம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்துத் தெருவுக்கே கிண்ணத்தில் கொடுத்தனுப்புகிறோம். கிண்ணத்தைக் கழுவாமல் திருப்பித் தர வேண்டும் என்றுகூடச் சில வீடுகளில் சொல்வார்கள். மனிதத் தாயின் சீம்பாலுக்கு மட்டும் தரை. மாட்டின் முதல் பாலை ருசியான பண்டம் என்று கண்டுகொண்ட நாக்கு, மனுஷியின் முதல் பாலை மருந்தாகக்கூடப் பார்க்கவில்லை.

*

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கன்றும் குழந்தையும் ஒன்றா? கன்று செத்ததை வைத்துக் குழந்தைக்குப் பாடம் சொல்லலாமா?

நேரடியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு உயிரினமும் தன் பிள்ளைக்கான காவலை வெவ்வேறு பெட்டியில் வைக்கிறது. மாடு எல்லாவற்றையும் சீம்பாலில் வைக்கிறது. மனுஷி பாதியை நஞ்சுக்கொடி வழியாகவே அனுப்பிவிடுகிறாள், பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு செப்சிஸ் அதிகம் வருவதற்கு அந்தப் பெட்டி பாதியில் நின்றுபோனதும் ஒரு காரணம். மீதியைப் பாலில் வைக்கிறாள். ஆனால் கன்றுக்குப் போல அது ரத்தத்துக்குப் போவதில்லை. தாய்ப்பாலின் முக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதிலிருந்து மாறுபட்ட வகை என்று 1961-ல் ஸ்வீடனின் லார்ஸ் ஹான்சன் காட்டினார். அது குழந்தையின் குடலிலேயே தங்கி உள்சுவரில் காவல் நிற்கும். நொதிகளும் அங்கேயே வேலை பார்க்கும். எலியோ மூன்றாவது வழி: வயிற்றிலும் வாங்கிக்கொள்ளும், பிறந்தபின் சுமார் மூன்று வாரம் குடல் வழியாகவும் வாங்கிக்கொண்டே இருக்கும்.

இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லாக்டோஃபெரின் நல்ல உதாரணம். 2001-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிறந்த எலிக்குட்டிகளுக்கு லாக்டோஃபெரின் ஊட்டி, பிறகு குடல் வழியாக ஈ-கோலை கொடுத்தார்கள். ஊட்டப்பட்ட குட்டிகளின் ரத்தத்தில் கிருமி குறைவு, நோயும் குறைவு. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. 2009-ல் இத்தாலியில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பசுவின் லாக்டோஃபெரினைக் கொடுத்த சோதனை நல்ல பலன் காட்டியது. பிறகு பிரிட்டனில் 2,200க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளில் பெரிய அளவில் செய்தார்கள். 2019-ல் முடிவு வந்தது: கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் தொற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

வேறு நொதிகளிலும் முயற்சி நடக்கிறது. குடலில் இயல்பாகவே இருக்கும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி, கிருமியின் உறையிலுள்ள நஞ்சின் பல்லைப் பிடுங்கிவிடுகிறது. எலிக்குட்டிகளின் குடல் அழுகல் நோயில் அதைக் கொடுத்துப் பார்த்து அழற்சி குறைவதைக் கண்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் மனித லைசோசைம் சுரக்கும்படி மரபணு மாற்றிய ஆடுகளை உருவாக்கி, அந்தப் பாலைக் கழிச்சல் கண்ட பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்தது. குட்டிகள் சீக்கிரம் தேறின. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எலிக்குட்டி தேறுவதற்கும் தொட்டிலில் இருக்கும் குழந்தை தேறுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று லாக்டோஃபெரின் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

எனக்கு இதிலிருந்து தெரிவது இது. பாலிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, பொட்டலம் கட்டி, வேறொரு உயிருக்குக் கொடுக்கும்போது காவல் பலவீனமாகிறது. கழுதைப்பால் சங்கும் அந்த வகைதான், ஆய்வகத்துப் பொடியும் அந்த வகைதான். ஒன்றைப் பாரம்பரியம் என்கிறோம், மற்றதை அறிவியல் என்கிறோம். ஆய்வகம் குறைந்தபட்சம் எண்ணிப் பார்த்து, பலன் இல்லை என்றால் இல்லை என்று வெளியே சொல்கிறது. அந்த நேர்மைக்காகத்தான் நான் அதன் பக்கம் நிற்கிறேன்.

*

நம் நாட்டு நிலவரத்தைப் பார்த்தால் இது வெறும் சரித்திர ஆர்வம் இல்லை என்று புரியும். 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் செப்சிஸை ஆராய்ந்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ-கோலை ஆகியவை முன்னணியில் இருந்தன. அவற்றில் பெரும் பகுதி பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்படாதவை. ஃபிளெமிங் கண்டுபிடித்த இரண்டாவது பொருளிலிருந்து வந்த மருந்துக் குடும்பம் கை விரிக்கும் இடத்தில் குழந்தைகள் கிடக்கிறார்கள். இந்த நிலையில் தொற்று வராமல் தடுப்பது ஒன்றுதான் நம்பகமான மருத்துவம்.

தடுப்பதற்கு நம் பக்கத்திலேயே நம்பிக்கையும் பிறந்தது. ஒடிசாவின் கிராமங்களில் பினாகி பாணிக்கிரஹி தலைமையில் 4,556 குழந்தைகளோடு நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. நல்ல பாக்டீரியா ஒன்றையும் அதற்கு உணவான ஒரு சர்க்கரையையும் ஒரு வாரம் வாய்வழியாகக் கொடுத்தார்கள். செப்சிஸோ மரணமோ நேர்ந்த குழந்தைகள் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தார்கள். அந்தக் குழந்தைகள் எல்லோரும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். புதிய பொருள் தாய்ப்பாலுக்குப் பதிலாக வரவில்லை, அதன் தோளில் ஏறி வந்தது.

கானாவின் கிராமப்புறத்தில் 10,947 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வந்தது. பிறந்த முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் தொடங்கினால், முதல் மாத மரணங்களில் 22 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்பது அதன் கணக்கு. மருந்து கிடையாது, கருவி கிடையாது. நேரம் மட்டும்தான்.

கன்றும் குழந்தையும் வெவ்வேறு பெட்டிகளில் காவலைப் பெற்றாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். தாமதம் இரண்டையும் கொல்லும். எலி, கன்று, குழந்தை என்று மாறிக்கொண்டே போன இந்த நூற்றிச் சொச்ச ஆண்டுச் சரித்திரத்தில் மாறாமல் நிற்கும் முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

*

ரமணாசிரமத்தில் ஒரு பசுவின் சமாதி இருக்கிறது. 1926-ல் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்து பக்தர் ஒருவர் தாய்ப்பசுவோடு கொண்டுவந்து விட்ட கன்று அது. லட்சுமி என்று பெயர். ஊருக்குள் வளர்ந்து, தினம் தானாகவே ஆசிரமத்துக்கு நடந்து வந்து, பிறகு கோசாலை கட்டியபோது அங்கேயே தங்கி, 1948 ஜூன் 18-ம் தேதி செத்தது. பக்கத்திலேயே ஒரு மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் சமாதி உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு பிரின்ஸ்டன் கன்றுகள் ஞாபகம் வரும். லட்சுமி பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சீம்பால் மறுக்கப்பட்டுச் செத்தவை. அவற்றுக்குப் பெயர் இல்லை, கல் இல்லை. அந்தச் சோதனையைச் செய்திருக்கலாமா கூடாதா என்று இப்போது உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது எனக்குக் கஷ்டம். ஆனால் செய்து முடித்து, நூறு ஆண்டுக்கு மேலாக முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அதே சோதனையை நம் தொழுவங்களில் தினமும் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோமே, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்தக் கன்றுகள் நமக்காகப் பட்டினி கிடந்துவிட்டன. இனி எந்தக் கன்றும் கொடி விழக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தக் குழந்தையும் நல்ல நேரம் பார்த்து, சேனை வைத்து, கழுதைக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இந்த மாதம் பிரசவம் இருந்தால், மாட்டுக்கோ மனுஷிக்கோ, இதை முன்கூட்டியே ஒரு தடவை பேசிவைத்துவிடுங்கள். குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரம். கன்றுக்கு முதல் ஆறு மணி நேரம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கன்று வயிறு நிறையக் குடித்ததுபோக மீதியிருந்தால் தெருவுக்குக் கிண்ணம் அனுப்பலாம். வெல்லம் கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள்.